ரயில்வேயில் இருந்த அப்பாவுக்கு நினைவு மலர்: எங்கே தொடங்குவது, எதை விடுவது

அப்பா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அக்கா கோடு போட்ட நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்து, "முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடணும், நீதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எழுதிய முதல் வரி, "அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த எங்கள் அருமைத் தந்தை." எழுதிவிட்டுப் பார்த்தால் அது எதிர்வீட்டு மாமாவுக்கும் அப்படியே பொருந்துகிறது, அவரோ தெரு முழுக்கக் கைமாத்து வாங்கித் திருப்பித் தராமல் போய்ச் சேர்ந்தவர். தாளைக் கிழித்துப் போட்டேன். மிச்சமிருந்த பதினைந்து நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே வேலை உங்கள் தலையிலும் ஒருநாள் விழும்.

எங்கள் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டர், அதாவது எந்திரப் பாகங்களைப் பொருத்துகிற தொழிலாளி. வீடு, கோவில், தூண்டில், இவ்வளவுதான் அவர். உங்கள் அப்பா கேங்மேனாகவோ கேட்கீப்பராகவோ இருந்திருக்கலாம், மாதா கோவிலுக்குப் பதில் பள்ளிவாசலுக்கோ சமயபுரத்துக்கோ போயிருக்கலாம். செய்ய வேண்டியதில் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் எழுதாதீர்கள், துழாவுங்கள்

பீரோவில் ரயில்வே காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். எல்லா ரயில்வே வீட்டிலும் அந்தப் பை உண்டு. அதில் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையை முதலில் எடுத்து, இரண்டு நகல் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பத்திரமாக அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அதுதான் உயிர், புத்தக வேலையில் அது தொலைந்தால் நினைவு மலரை வைத்துக்கொண்டு அம்மா பேங்கில் போய் நிற்க முடியாது. உங்களுக்கு வேண்டியது அந்தத் தாளில் இருக்கிற நாலே விஷயம்: வேலைக்குச் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, கடைசியில் இருந்த பதவி, எந்தப் பிரிவு.

தேதியில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் சர்டிபிகேட்டில் பிறந்த தேதி 1956 ஜூன் 1. அதனால் 2016 மே 31 அன்று வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஜூன் 1 உண்மையான பிறந்தநாளா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு தேதி போட்டு எழுதிக்கொள்வார். எங்கள் பாட்டி சொல்லிவந்த கணக்குப்படி அப்பா பிறந்தது மாதா பரலோகத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், அதாவது ஆகஸ்ட் 12. புத்தகத்தில் எதைப் போடுவது என்று வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் இரண்டையும் போட்டோம், "ரயில்வேக்கு ஜூன் 1, பாட்டிக்கு ஆகஸ்ட் 12" என்று. புத்தகத்தில் எல்லோரும் முதலில் சிரித்த இடம் அதுதான்.

அந்தப் பையில் ஓய்வு பெறும்போது கொடுத்த பதக்கமும் இருந்தது. வெள்ளியில் தங்க முலாம் பூசியது. அம்மா அதை அசல் தங்கம் என்று நினைத்து இத்தனை வருஷமும் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார், போன வருஷம்தான் அப்பா உண்மையைச் சொல்லிப் பைக்கு மாற்றினாராம்.

சரி, காகிதம் போதும். இதற்கு மேல் நீங்கள் தேட வேண்டியது அப்பாவின் கையெழுத்து இருக்கிற சில்லறைப் பொருள்கள். கடிதம், டைரி எழுதுகிற பழக்கம் அந்தத் தலைமுறைத் தொழிலாளிகள் பல பேருக்குக் கிடையாது, அதனால் "அப்பா எதுவுமே எழுதி வைக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். பால் கணக்கு நோட்டு, சீட்டு அட்டை, பழைய பாக்கெட் பைபிளின் கடைசிப் பக்கம், காஸ் புத்தகம், மளிகைக் கடை கொடுக்கிற மாதக் காலண்டர்.

எங்களுக்குக் காலண்டரில் கிடைத்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு வருஷக் காலண்டர்கள் தொங்கிக்கொண்டிருந்தன, எண்ணெய்ப் பிசுக்கோடு. யாரும் தூக்கிப் போடவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. "1½" என்றால் பால், லிட்டர் கணக்கு. "ஓ 4" என்றால் ஓவர்டைம் நாலு மணி. "வி 2", "கெ 5", "ஜி 11" என்று சில கட்டங்களில் இருந்ததை அக்கா பார்த்து, வி என்றால் விட்டமின் மாத்திரை என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாளிலும் மட்டும் யார் விட்டமின் சாப்பிடுவார்கள்? விரால் 2, கெளுத்தி 5, ஜிலேபி 11. மீன் கணக்கு. சில கட்டங்களில் "பூ" என்று இருந்தது. அம்மாவுக்கு வாங்கிய பூ என்று நினைத்து நாங்கள் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்க, அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னைக்குடா வாங்கினார், அது பூசை" என்றார். செத்துப்போன உறவுக்காரர்களுக்காகப் பூசைக்குப் பணம் கட்டிய நாட்கள் அவை. தாத்தா, பாட்டி, சின்ன வயதில் இறந்த அத்தை, கூட வேலை பார்த்து விபத்தில் போன ஒருவர்.

பால், ஓவர்டைம், மீன், பூசை, எல்லாம் ஒரே கட்டத்துக்குள். அந்தக் காலண்டரில் ஒரு மாதத்தை அப்படியே படம் எடுத்து நடுப்பக்கத்தில் போட்டோம். அப்பாவைப் பற்றி நான் எழுதிய எந்தப் பத்தியும் அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

கூட வேலை பார்த்தவர்களிடம் போங்கள், ஆனால் கேள்வியோடு போங்கள்

வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருந்தவர்தான். மிச்ச அப்பா பணிமனைக்குள் இருந்தார். அவரைத் தெரிந்த ஆட்கள் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் காலை ஆறரைக்கு உட்கார்ந்திருப்பார்கள், பென்ஷன் ஆட்களுக்கு அது இரண்டாவது டியூட்டி. போன் பண்ணி விசாரிக்காதீர்கள், போனில் எல்லோரும் "தங்கமான மனுஷன் தம்பி" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். நேரில் போய் உட்கார்ந்து, அவர்கள் பேச்சு வேறு எங்கெங்கோ போய்த் திரும்பி வரும்வரை பொறுத்திருங்கள்.

போகும்போது அப்பாவின் டோக்கன் நம்பரைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. பணிமனையில் ஆள் பெயரைவிட நம்பர்தான் புழக்கம், ஒரே பெயரில் இருபது பேர் இருந்தால் வேறு என்ன செய்ய முடியும். நான் அப்பா பெயரைச் சொன்னபோது ஒரு பெரியவர் முழித்தார். நம்பரைச் சொன்னதும், "அடடே, அந்த எரெக்டிங் ஷாப் தூண்டிலா, அவன் மவனா நீ?" என்று டீயைக் கீழே வைத்தார். அப்பாவுக்குத் தூண்டில் என்று பட்டப்பெயர் இருந்தது அன்றைக்குத்தான் எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

"அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். நான் கேட்டுப் பலன் கிடைத்தவை இவை: மத்தியானச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்? உங்ககிட்ட கடைசியா எதுக்குக் கோவிச்சுக்கிட்டார்? புதுசா வந்த பையனுக்கு முதல்ல என்ன சொல்லிக் கொடுப்பார்? எந்த வேலையைக் கொடுத்தா முணுமுணுப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள், ஒரே நேரத்தில், கையை ஆட்டி ஆட்டி. போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள், திரை தெரிந்தால் பேட்டி கொடுக்கிற குரல் வந்துவிடும். "ரெக்கார்ட் பண்றேன் பெரியப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

2011-ல் ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் புது நீராவி எஞ்சினைப் பொன்மலையிலேயே செய்து அனுப்பினார்கள். ஊரே பேசியது, பேப்பரில் வந்தது. அதில் அப்பாவின் கையும் இருந்தது என்று டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். முதல்முறை நீராவி ஏற்றிய அன்று எல்லோரும் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து இணைப்புகளில் எங்கேயாவது நீராவி கசிகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடந்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது, "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு" மட்டும்தான்.

பதவிப் பெயர்களைச் சரியாக எழுதுங்கள், இதில் ரயில்வேக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அப்பா கலாசியாக, அதாவது அடிமட்ட உதவியாளாகச் சேர்ந்து, ஹெல்பர் ஆகி, டிரேடு டெஸ்ட் பாஸ் பண்ணி பிட்டர் மூன்றாம் கிரேடு, இரண்டு, ஒன்று என்று ஏறி, சீனியர் டெக்னீசியனாக ஓய்வு பெற்றார். ஒவ்வொரு படிக்கும் நடுவில் வருஷக்கணக்கில் காத்திருப்பு இருக்கிறது. அதையெல்லாம் "ரயில்வே ஊழியர்" என்று ஒரு வார்த்தையில் மூடிவிட்டால் அந்தக் காத்திருப்பும் சேர்ந்து போய்விடும். எங்கள் சித்தப்பா பையன் அவசரத்தில் பிளக்ஸ் கடைக்குப் போன் பண்ணி "பெரியப்பா ரயில்வே" என்று மட்டும் சொல்லிவிட்டான். பிளக்ஸில் வந்தது: "ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர்", பின்னணியில் ஏதோ வெளிநாட்டு புல்லட் ரயில், மேகத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி. துக்கத்துக்கு வந்த பணிமனை ஆட்கள் அதன் முன்னால் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

மூன்றும் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள்

குடும்பம், பக்தி, மீன்பிடி என்று மூன்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படி எழுதினால் மூன்று வேறு ஆட்களைப் பற்றி எழுதிய மாதிரி இருக்கும். ஒரு மனிதரிடம் இவை தனித்தனியாக இருப்பதில்லை, ஏதோ ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தலைமுறைக் கணக்கு பார்க்க வேண்டிவரும்.

எங்கள் வீட்டு முடிச்சு நாகப்பட்டினத்தில் இருந்தது. பொன்மலைப் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது, 1920-களின் கடைசியில்தான் திருச்சிக்கு மாறியது. அதோடு சேர்ந்து வந்த குடும்பங்களில் எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையதும் ஒன்று. கடல் பக்கத்து மனிதர், நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் வேளாங்கண்ணி. இங்கே வந்தபோது கடலும் இல்லை, மாதாவும் தூரமாகிவிட்டார். அதனால் குளத்தில் தூண்டில் போட்டார்கள், வருஷத்துக்கு ஒருமுறை நடந்துபோய் மாதாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஏன் இந்த இரண்டும் விடமுடியாததாக இருந்தது என்பது இதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பிடிபட்டது, அதுவும் எங்கள் பெரிய அத்தை சொல்லி. குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்த பெண்மணியிடம் கட்டாயம் ஒரு மத்தியானம் உட்காருங்கள். ஆண்களுக்குத் தெரிந்தது வேலை வரலாறு, யார் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு பேச்சு இல்லை, ஏன் இல்லை என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கும்.

இன்னொரு முடிச்சு செப்டம்பரில். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள், வருஷா வருஷம் அந்த நாளில் அங்கே அஞ்சலி நடக்கும். அப்பா தவறாமல் போவார். ஆனால் வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிறது, நடைபயணக் கூட்டம் செப்டம்பர் ஆரம்பத்திலேயே கிளம்பிவிடும். திடலையும் விடமாட்டார், மாதாவையும் விடமாட்டார். ஐந்தாம் தேதி திடலில் நின்றுவிட்டு ராத்திரி பஸ் பிடித்துத் திருவாரூர்ப் பக்கம் போய், அங்கே போய்க்கொண்டிருக்கிற நம்ம ஊர்க் கூட்டத்தோடு காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு சேர்ந்துவிடுவார். "பாதி நடை, பாதி பஸ், மாதா கணக்குல எப்படிப்பா எழுதுவாங்க?" என்று அக்கா கேட்பாள். "ஓவர்டைம் போட்டு ஈடுகட்டிருவேன்" என்பார்.

மூன்றாவது, தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடியபிறகு வாய்க்காலில் தண்ணீர் இறங்கி, மடுக்களில் மீன் ஒதுங்கி நிற்கும், தூண்டில்காரர்களுக்கு அது கொண்டாட்டம். தவக்காலம் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீனுக்குத் தடையில்லை. வருஷம் முழுக்க "லீவு நாள்ல வீட்டுல தங்கறாரா பாரு" என்று திட்டுகிற அம்மா, அந்த நாற்பது நாள் மட்டும் தானே மண்புழு டப்பாவை எடுத்துக் கொடுப்பார். இப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதை விரித்து எழுதுங்கள், நாலைந்து வரியில் முடிக்காதீர்கள்.

குறையையும் எழுத வேண்டுமா

எழுத வேண்டும், அளவோடு. அக்காவின் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் பரிசு வாங்கியபோது அப்பா மாவடிக்குளக் கரையில் இருந்தார். மறந்தே போனார். ராத்திரி ஏழு மணிக்கு நாலு விராலோடு வந்து நின்றபோது அக்கா பேசவில்லை, இரண்டு நாள் மீனும் சாப்பிடவில்லை. இதைப் புத்தகத்தில் போடலாமா என்று அக்காவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போடு, ஆனா அதுக்கப்புறம் காலேஜ் முடியற வரைக்கும் ஒரு விழா விடாம முதல் வரிசைல உக்காந்தார்னும் போடு" என்றாள். போட்டேன். யாருக்கு வலித்ததோ அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். குடி, கடன், சொத்துத் தகராறு, இவற்றை நினைவு மலரில் தீர்க்கப் பார்க்காதீர்கள், அங்கே பதில் சொல்ல எதிராளி இல்லை.

பூசை வைக்கிற பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நம்மிடம் குறிப்புக் கேட்பார். மீன்பிடிப்பவர் என்றால் இராயப்பரோடு, அதாவது மீனவராக இருந்து இயேசுவின் சீடரான பேதுருவோடு, ஒப்பிடுவது நிச்சயம் வரும், தடுக்க முடியாது. நாங்கள் அப்பாவே சொன்னதை எழுதிக் கொடுத்தோம்: "இராயப்பருக்கு வலையில நூத்தி ஐம்பத்து மூணு மீனு, நமக்குத் தூண்டில்ல மூணு கெளுத்தி, அதுல ஒண்ணு கையைக் குத்திருச்சு." சாமியார் இளைஞர், பேதுரு என்றே சொல்லிப் பழகியவர், ஆனாலும் அன்றைக்கு இராயப்பர் என்றே சொன்னார். வாசகமும் நாமே கேட்டு வாங்கலாம். யோவான் நற்செய்தி 21-ம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க வலைபோட்டுக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற பகுதி. அடக்கப் பூசைக்கு வழக்கமாக வாசிக்கிறதைவிட எங்களுக்கு அது பொருத்தமாக இருந்தது.

பூசை முடிவில் குடும்பத்தின் சார்பாகப் பேசுகிறவர் நாலு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். தொண்டை அடைக்கிற வரி எதுவென்று அப்போதே தெரிந்துவிடும், அந்த வரிக்கு முன்னால் ஒரு சிரிப்பு வரியை வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்க இடம் கிடைக்கும். நன்றி சொல்லும் பட்டியலைப் பேச்சில் சேர்க்காதீர்கள், யாராவது ஒரு மாமா விடுபட்டுப் போவார், பத்து வருஷம் கேட்க வேண்டிவரும்.

அச்சு வேலை, சுருக்கமாக

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் வரும். எட்டு, பன்னிரண்டு, பதினாறு. பதினாறு தாராளம். போனில் அடித்த தமிழை அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடும். அதனால் மாற்றியபிறகு எடுத்த ப்ரூஃபைத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் அனுப்பிய கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பயனில்லை. பெயர்களையும் தேதிகளையும் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிப்போன பழைய படங்களைப் பிய்க்காதீர்கள். பகலில் ஜன்னல் ஓரம் நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து போனில் எடுத்தாலே போதும். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கும், அது ஒன்று போதும். மிச்சத்துக்கு, அப்பா கேமராவைப் பார்க்காத படமாகத் தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில்: பந்திக்கு வெளியே நின்று ஒரு பையனின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருக்கிறார், பட்டுச் சட்டையோடு. கை கருப்பு. அந்தக் கையைக் காட்டன் வேஸ்டில் துடைத்தால்தான் போகும் என்று, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கொத்து காட்டன் வேஸ்டைச் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

தூண்டிலை என்ன செய்வது

புத்தகம் அச்சுக்குப் போனபிறகுதான் இது ஞாபகம் வந்தது. பரணில் மூன்று மூங்கில் கழி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முள்ளும் ஈயக்குண்டும், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைகள், ஒரு சுருள் தங்கூசு நரம்பு. ஷோகேஸில் வைக்கலாம் என்று சித்தப்பா சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, கண்ணாடிக்குள் வைத்த தூண்டில் மீன் வாடை போனதும் வெறும் குச்சிதான்.

நாங்கள் செய்தது: ஒரு கழியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்பாவோடு குளத்துக்குப் போகிற நண்பரிடம் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்டேன். அப்பா முள் கட்டுகிற விதம் வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் கற்றுக்கொள்ளப் பொறுமை இருந்ததில்லை. "வாயால சொல்ல வராது தம்பி, பாரு" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்தார். போனை அவர் முகத்துக்குக் காட்டாமல் கைக்கு மட்டும் காட்டிப் படம் எடுத்தேன், நீங்களும் அப்படியே எடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், நரம்பு அப்போதுதான் தெரியும். முள்ளின் தண்டோடு நரம்பைச் சேர்த்துப் பிடித்து, நுனியை மடக்கி, ஆறு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டார். இறுக்குவதற்கு முன்னால் வாயில் வைத்து எச்சில் தொட்டார், காய்ந்த நரம்பை அப்படியே இழுத்தால் சூடேறி அறுந்துவிடுமாம். "இது உங்கப்பன் சொல்லிக் குடுத்தது" என்றார். அந்த வீடியோ ஒரு நிமிஷம் நாற்பது நொடி. பேத்தி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டப் பழகுகிறாள், இன்னும் இறுக்கும்போது அவிழ்ந்துகொள்கிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அன்றைக்குப் போனால் மண்வெட்டி கிடைக்காது, சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது நீங்கள் இன்னும் புல் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். பாட்டிலில் மிச்சமிருக்கிற முட்களை ஒரு தக்கைத் துண்டில் குத்தி வைத்துவிட்டுப் பரணில் ஏற்றுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.